முகப்பேர் வகுப்பறைக்கு அட்டை வந்த வழி

2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தன் பள்ளிகளில் பதின்மூன்றைத் தேர்ந்தெடுத்துச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியபோது, முகப்பேர் அந்தக் கணக்கில் வர வழியில்லை. வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து வளர்த்த இந்தப் புறநகர் அன்று அம்பத்தூர் நகராட்சியைச் சேர்ந்தது, மாவட்டமோ திருவள்ளூர். மேற்கே அண்ணா நகர்ப் பக்கத்தோடு மாநகராட்சி முடிந்துவிட்டது. நல்ல கற்பித்தல் முறையொன்று பக்கத்து ஊரில் நடந்தாலும், அரசாணை வந்தால்தான் எல்லையைத் தாண்டும் என்பது அன்றைய நிலை. மாநிலம் முழுவதற்கும் அது விரிந்தது 2007-08இல். முகப்பேர் மாநகராட்சியோடு இணைந்ததோ 2011இல்தான்.

வந்து சேர்ந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அன்றைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய், அங்கே கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைப் பார்த்து வந்து, தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். அன்றைய வகுப்பில் குழந்தை, பாடங்களைப் படிகளாக அடுக்கிக் காட்டும் சுவர் ஏணிப்படத்தில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். தன் உயரத்துக்குக் கீழே தீட்டப்பட்ட கரும்பலகையில் எழுதும். எழுதிய தாள் தலைக்கு மேலுள்ள கம்பிப் பந்தலில் தொங்கும். மாநிலம் முழுவதும் பரவியபோது பள்ளிகளுக்குப் போனது அச்சிட்ட அட்டைத் தொகுப்பு. அட்டையை உருவாக்கித் திருத்தும் உரிமை அதோடு போகவில்லை. அந்த முறை பல இடங்களில் வெறும் சடங்காகச் சுருங்கியதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

இணையம் எல்லைச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. 2018இன் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு வந்தது; கைப்பேசியைக் காட்டினால் தீக்‌ஷா தளத்தின் காணொளி திறக்கும். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்ற அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது; அதன் ஆசிரியர் கையேட்டை யாரும் பதிவிறக்கலாம். முகப்பேருக்கும் மாநிலத்தின் கடைக்கோடிக்கும் ஒரே நாளில் ஒரே கையேடு. ஆனால் அது பிடிஎஃப். அரும்பு நிலைப் பாடத்தில் ஒரு படமோ சொல்லோ தன் தெருப் பிள்ளைகளுக்குப் பொருந்தாவிட்டால், ஆசிரியர் அதை மாற்ற முடியாது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தில் முடியும். அங்குள்ள கதையைத் தமிழாக்கலாம், வாக்கியத்தைச் சுருக்கி ஒரு படி எளிதாக்கலாம், அச்சிட்டும் கொடுக்கலாம். மூல ஆசிரியரின் பெயரையும் உரிமத்தையும் சொல்லி, மாற்றம் செய்ததைக் குறிப்பிட்டால் போதும். உரிமமே அதற்கு இடம் தருகிறது.

ஆளுக்கொரு திருத்தம் செய்தால் பிழை மலியாதா என்று கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பிழை இப்போதும் வாட்ஸ்அப் குழுக்களில், யார் செய்தது என்ற தடமே இல்லாமல் சுற்றுகிறது. பொதுத் தளத்தில் மூலமும் திருத்தமும் அருகருகே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டு. ஆசிரியருக்கு நேரமேது என்ற மறுப்புதான் இன்னும் கனமானது. வருகைப்பதிவும் எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் செய்யும் பதிவேற்றமும் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பொழுதை விழுங்குகின்றன. அதைக் குறைக்காமல் உரிமை மட்டும் கொடுத்துப் பயனில்லை. அதற்காக உரிமையையே மறுக்கத் தேவையில்லை. 2003இல் அட்டை செய்தவர்களும் அதே மாநகராட்சி ஆசிரியர்கள்தான். அதை முன்னெடுத்தது நிர்வாகமே.

2024 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறைகளும் ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் வருகின்றன. கருவி கைக்கு வந்திருக்கும் இந்த வேளையில், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தன் கையேடுகளைத் திருத்தக்கூடிய கோப்புகளாக, தெளிவான பொது உரிமத்தோடு வெளியிட வேண்டும். தொடங்குவதற்கு அரும்பு நிலைத் தமிழ்ப் பாடங்கள் போதும்.