சிப்பாயின் சீட்டு யாருக்குச் சொந்தம்?



உழைத்தவனுக்குக் கூலி கிடைக்கவில்லை. பின்னர் தருவதாக ஒரு சீட்டு மட்டுமே கிடைத்தது. வறுமை நெருக்கவே, அந்தச் சீட்டைக் கால் விலைக்கும் குறைவாக ஒரு வணிகரிடம் விற்றுவிட்டான். சில ஆண்டுகள் கழித்து, சீட்டு எழுதித் தந்தவரே முழுத்தொகையையும் தர முன்வருகிறார். அத்தொகை யாருக்கு உரியது? உழைத்தவனுக்கா, சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கா?

இது பாடத்திற்காகப் புனைந்த கேள்வி அன்று. 1790 பிப்ரவரியில், நியூயார்க் நகரில் கூடியிருந்த அமெரிக்காவின் முதல் காங்கிரஸ் இதைத்தான் நாள்கணக்கில் விவாதித்தது. எதிரெதிர் அணியில் நின்ற அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஜேம்ஸ் மாடிசனும், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை புதிய அரசமைப்புச் சட்டத்திற்கு ஆதரவு தேடித் தோளோடு தோள் நின்று எழுதியவர்கள். நண்பர்களைப் பிரித்த அக்கேள்வியைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

சீட்டு பிறந்த விதம்

பிரிட்டனுக்கு எதிராக 1775-இல் மூண்ட விடுதலைப் போரைக் காங்கிரஸ் பெரும்பாலும் கடனிலேயே நடத்தியது. மக்கள் மீது வரி விதிக்கும் அதிகாரம் அன்று அதற்கு இல்லை. அது அச்சடித்து வெளியிட்ட காகிதப் பணம் 1781-க்குள் அறவே மதிப்பிழந்தது. பிரான்சிடமும் ஹாலந்து நாட்டு வங்கியர்களிடமும் கடன் வாங்கப்பட்டது. உள்நாட்டிலோ, தானியமும் மாடும் கொடுத்த உழவர்களுக்கும், உயிரைப் பணயம் வைத்துப் போரிட்ட சிப்பாய்களுக்கும் கடன் பத்திரங்களே வழங்கப்பட்டன.

1783-இல் போர் முடிந்து படை கலைந்தது. கனெக்டிகட்டைச் சேர்ந்த ஜோசப் பிளம் மார்ட்டின் என்பவர் 15 வயதில் படையில் சேர்ந்து போரின் இறுதிவரை பணியாற்றியவர். ஊர் திரும்புமுன் மானத்தோடு உடுத்த உடையும் வழிச்செலவுக்குக் காசும் வேண்டிச் சிப்பாய்கள் பலர் தங்கள் பத்திரங்களை விற்ற நிலையை அவர் தம் நினைவு நூலில் பதிவு செய்துள்ளார். அரசாங்கம் என்றேனும் பணம் தரும் என்று நம்பியவர் அன்று சிலரே. எனவே பத்திரங்களின் சந்தை விலை, எழுதப்பட்ட தொகையில் கால் பங்குக்கும் கீழே சரிந்தது. அவை மெல்ல மெல்ல நகரத்து வணிகர்களின் பெட்டிகளில் சென்று சேர்ந்தன.

இதன் விளைவு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முதலில் வெளிப்பட்டது. தன் போர்க்கடனை அடைக்க அம்மாநிலம் கடும் வரி விதித்து, அதைக் காசாகவே செலுத்தக் கோரியது. முன்னாள் சிப்பாய்களான உழவர்கள் பலர், தாங்கள் மலிவாக விற்ற பத்திரங்களுக்குப் பிறர் பெறும் வட்டிக்காகத் தாங்களே வரி கட்டும் நிலைக்கு ஆளாயினர். 1786-இல் அவர்கள் நீதிமன்றங்களை மறித்தனர். முன்னாள் படைத் தலைவரான டேனியல் ஷேஸின் பெயரால் அறியப்படும் அக்கிளர்ச்சி மறு ஆண்டில் ஒடுக்கப்பட்டது.

ஹாமில்டனின் வாதம்

புதிய அரசமைப்பின்கீழ் 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவரானார். ஹாமில்டன் நிதிச் செயலாளரானார். 1790 ஜனவரியில் ஹாமில்டன் காங்கிரஸிடம் அளித்த அறிக்கையின்படி, வெளிநாட்டுக் கடன் சுமார் 1 கோடியே 17 லட்சம் டாலர். உள்நாட்டுக் கடன் 4 கோடி டாலருக்குச் சற்று மேல். இவையன்றி, மாநிலங்களின் கடன் ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர். பழைய பத்திரங்களை வாங்கிக்கொண்டு, எழுதப்பட்ட முழுத்தொகைக்கும் வட்டி தரும் புதிய பத்திரங்களை வழங்க வேண்டும்; அவற்றை இன்று யார் வைத்திருக்கிறாரோ அவருக்கே வழங்க வேண்டும் என்றார் அவர்.

அவருடைய வாதம் எளிதில் தள்ளத்தக்கது அன்று. விற்றவர் தம் விருப்பத்தால் விற்றார். வாங்கியவர் ஒன்றும் கிடைக்காமல் போகக்கூடிய ஆபத்தை ஏற்று வாங்கினார். முடிந்த விற்பனையை அரசே பின்னர் மாற்றியமைக்குமாயின், இனி அரசின் பத்திரத்தை எவரும் நம்பி வாங்கமாட்டார். தமிழில் காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஹாமில்டன் காக்க முயன்றது அரசின் நாணயத்தையே.

மாடிசனின் மறுப்பு

ஆனால், அறிக்கையின் செய்தி கிராமங்களை எட்டுமுன் ஊக வணிகர்கள் முந்திக்கொண்டனர். அவர்கள் பத்திரங்களை வாங்கிக் குவிக்கத் தென் மாநிலங்களுக்குக் கப்பல்களை அனுப்பியதாக ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஜாக்சன் சபையில் வெகுண்டு கூறினார்.

பிப்ரவரி 11 அன்று மாடிசன் எழுந்து ஒரு நடுவழியை முன்வைத்தார். பத்திரத்தை இன்று வைத்திருப்பவருக்குச் சந்தையில் நிலவிய மிக உயர்ந்த விலை தரப்படட்டும். எஞ்சிய தொகை அதை முதலில் ஈட்டியவருக்குச் சேரட்டும் என்றார். சிப்பாய் விரும்பி விற்கவில்லை. அரசு தன் வாக்கைக் காப்பாற்றாததால் விற்க நேர்ந்தது. வாக்குத் தவறிய அரசே அவனது விற்பனையைக் காரணம் காட்டி அவனைக் கைவிடலாமா என்பதே அவர் வாதத்தின் சாரம்.

எதிர்த்தோர் இரண்டைச் சுட்டினர். கைமாறிய பத்திரங்களின் முதல் உரிமையாளர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது இயலாத காரியம் என்றனர். 1783-இல் இத்தகைய பாகுபாடு கூடாதென்று எழுதியவர் இதே மாடிசன்தானே என்றும் கேட்டனர். பிப்ரவரி 22 அன்று வாக்கெடுப்பு நடந்தது. மாடிசனுக்கு ஆதரவாக 13, எதிராக 36.

நமது ஃபிக்ஹு பாடத்தில் 'கடனை விற்றல்' என்பது தனித்தலைப்பு. கடன்பட்டவர் அல்லாத மூன்றாமவருக்குக் கடனைக் குறைந்த விலையில் விற்பதைப் பெரும்பாலான ஃபுகஹாக்கள் ஏற்கவில்லை. வட்டிக்கும் நிச்சயமின்மைக்கும் அது வழிவிடும் என்பது அவர்கள் கூறும் காரணம். அந்த அச்சம் எத்தகையது என்பதற்கு இந்நிகழ்வு ஓர் எடுத்துக்காட்டு.

கடன் வளர்த்த கட்சிகள்

அடுத்து, மாநிலங்களின் கடனையும் நடுவண் அரசே ஏற்கும் திட்டம் வந்தது. தன் கடனில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்திருந்த வர்ஜீனியா அதை எதிர்த்தது. ஏப்ரலில் 29-க்கு 31 என்ற கணக்கில் அத்திட்டம் தோற்றது. ஜூன் மாதம் ஜெஃபர்சன் தம் இல்லத்தில் அளித்த விருந்தில், கடனேற்புக்கு மாடிசன் கடுமையாகக் குறுக்கே நிற்பதில்லை என்றும், பதிலாகத் தலைநகரம் தெற்கே போட்டோமாக் ஆற்றங்கரையில் அமையும் என்றும் உடன்பாடு ஏற்பட்டதாக ஜெஃபர்சனே பின்னர் எழுதினார். இன்றைய வாஷிங்டன் நகரம் அந்த உடன்பாட்டின் நினைவுச் சின்னம்.

ஏற்ற கடனுக்கு வட்டி கட்ட வருவாய் வேண்டும். 1791-இல் விஸ்கி மீது வரி விதிக்கப்பட்டது. மது நமக்கு விலக்கப்பட்டது. ஆயினும் மேற்குப் பென்சில்வேனிய உழவர்களின் முறையீட்டில் ஒரு பொருளியல் உண்மை இருந்தது. மலைகளைக் கடந்து தானியத்தைக் கொண்டு செல்லும் செலவு தாளாமல்தான் அவர்கள் அதைக் காய்ச்சி விற்றனர். வரியைச் செலுத்தவோ அவர்களிடம் காசு அரிது. 1794-இல் அவர்கள் கிளர்ந்தபோது, வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டினார். தேசத்துரோகக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட இருவரையும் பின்னர் மன்னித்தார்.

கடன், வங்கி, வரி ஆகியவை பற்றிய இவ்விவாதங்களிலிருந்தே ஹாமில்டனின் கூட்டாட்சிக் கட்சியும், ஜெஃபர்சன், மாடிசன் ஆகியோரின் குடியரசுக் கட்சியும் உருவாயின. ஆயினும் 1803-இல் லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியபோது, குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்குக் கைகொடுத்தது ஐரோப்பிய வங்கியர்கள் ஏற்ற அமெரிக்கக் கடன் பத்திரங்களே. ஹாமில்டன் ஈட்டிய நாணயம் அவருடைய எதிராளிக்கே பயன்பட்டது.

சிப்பாய் என்னவானான்?

ஹாமில்டனின் கணக்கு வென்றது, நாடு செழித்தது. அந்தச் செழிப்பில் சிப்பாயின் பங்கு என்ன? படை கலைந்து 35 ஆண்டுகளுக்குப் பின், 1818-இல், வறுமையில் வாடும் முன்னாள் சிப்பாய்களுக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் தரக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 1820-இல் அவர்கள் தம் உடைமைகளின் பட்டியலைச் சமர்ப்பித்து ஏழ்மையை நிரூபிக்கவும் வேண்டியிருந்தது. முதியவரான மார்ட்டினும் அவ்வாறே செய்து, ஆண்டுக்கு 96 டாலர் பெற்றார். ஹக்காக வந்திருக்க வேண்டியது, இறுதியில் இரந்து பெறும் கொடையாக வந்தது.

மாடிசன் சரியா, ஹாமில்டன் சரியா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடலாம். ஆனால் 1783-இலேயே கூலி கூலியாகக் கொடுக்கப்பட்டிருந்தால், 1790-இல் அந்த வாதத்திற்கே இடமிருந்திராது. காலம் தாழ்த்திய பிறகு எந்தத் தீர்ப்பும் எவரேனும் ஒருவருக்கு அநீதியாகவே முடிகிறது. நம் கடையிலும் வீட்டிலும் உழைப்பவரின் கூலியை 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று நாம் தள்ளிப்போடும்போது, நாமும் அவர் கையில் ஒரு சீட்டைத்தான் கொடுக்கிறோம். அதை அவர் எந்த விலைக்கு விற்க நேரும் என்பதை நாம் அறிவதில்லை.