உள்ளெடுப்புக் குழாய்த்தொகுதி மாற்றியமைப்பு

உள்ளெடுப்புக் குழாய்த்தொகுதி மாற்றியமைப்பு என்பது, தானுந்துப் பொறியின் சிலிண்டர்களுக்குக் காற்றையோ காற்று-எரிபொருள் கலவையையோ பகிர்ந்து கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதியின் வடிவத்தையும் அளவுகளையும் மாற்றி, பொறியின் திறனைக் கூட்ட முயலும் செயல் ஆகும். இக்குழாய்த்தொகுதி பட்டறைகளில் இன்டேக் மேனிஃபோல்டு என்றே வழங்கப்படுகிறது. பந்தயத் தானுந்துகளிலும், சொந்தத் தானுந்தின் திறனை உயர்த்த விரும்பும் ஆர்வலர்களிடையேயும் இம்மாற்றம் பரவலாகக் காணப்படுகிறது.

இம்மாற்றத்தால் திறன் எல்லா வேகங்களிலும் ஒரே அளவில் கூடுவதில்லை. பொறி எந்தச் சுழல்வேகத்தில் மிகுதியான காற்றை உள்ளிழுக்கிறதோ அந்த வேகமே பெரும்பாலும் இடம் மாறுகிறது. உயர் வேகத்தில் ஆதாயம் கிடைக்கும்போது தாழ் வேகத்தில் இழப்பு நேர்வது வழக்கம்.

அமைப்பு

பெட்ரோல் பொறியின் உள்ளெடுப்புக் குழாய்த்தொகுதியில் பொதுவாக மூன்று பகுதிகள் உள்ளன.

* திராட்டில்: உள்ளே வரும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு. ஓட்டுநர் முடுக்கி மிதியை அழுத்தும்போது இது திறக்கிறது.
* காற்றறை: திராட்டிலுக்கு அடுத்துள்ள பொதுவான அறை. எல்லாச் சிலிண்டர்களும் இதிலிருந்தே காற்றைப் பெறுகின்றன.
* கிளைக்குழாய்கள்: காற்றறையிலிருந்து ஒவ்வொரு சிலிண்டரின் உள்ளெடுப்பு வால்வுக்கும் செல்லும் தனித்தனிக் குழாய்கள்.

கார்புரேட்டர் உள்ள பழைய பொறிகளில் இத்தொகுதி வழியே காற்றும் பெட்ரோலும் கலந்தே செல்கின்றன. ஒவ்வொரு வால்வுக்கும் அருகில் இன்ஜெக்டர் பொருத்தப்பட்ட பொறிகளில் பெரும்பகுதித் தொலைவுக்குக் காற்று மட்டுமே செல்கிறது. முன்னர் வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் செய்யப்பட்ட இத்தொகுதிகள், 1990களிலிருந்து கண்ணாடியிழை சேர்த்த நைலானிலும் பெருமளவில் செய்யப்படுகின்றன.

அடிப்படைத் தத்துவம்

காற்றின் அளவு

பெட்ரோல் பொறியின் திறன் அது உள்ளிழுக்கும் காற்றின் நிறையைச் சார்ந்தது. 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சுப் பொறி, நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒரு முறை தன் முழுக் கொள்ளளவையும் நிரப்ப வேண்டும். அதாவது, நிமிடத்திற்கு 4800 லிட்டர் காற்று தேவை. நடைமுறையில் குழாய்களிலும் வால்வுகளிலும் ஏற்படும் தடையால் இம்முழு அளவு கிடைப்பதில்லை. உண்மையில் உட்செல்லும் காற்றுக்கும் கொள்கையளவில் உட்செல்ல வேண்டிய காற்றுக்கும் உள்ள விகிதம் கொள்ளளவுப் பயனுறுதிறன் எனப்படும். சாதாரணத் தானுந்துகளில் இது ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். நன்கு இசைவாக்கப்பட்ட பந்தயப் பொறிகளில், மிகையழுத்தக் கருவி எதுவும் இல்லாமலே, குறிப்பிட்ட வேகத்தில் 100 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு.

கிளைக்குழாயின் விட்டம்

அகன்ற குழாய் காற்றுக்குக் குறைந்த தடையைத் தரும் என்பது உண்மையே. ஆனால் அதில் காற்றின் வேகமும் குறையும். மேற்கூறிய பொறியின் ஒரு சிலிண்டர் 400 கன செ.மீ. கொண்டது. 6000 சுற்றுகளில் ஓர் உள்ளிழு வீச்சுக்கு 5 மில்லி விநாடி மட்டுமே கிடைக்கிறது. 36 மி.மீ. விட்டமுள்ள குழாயில் காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 79 மீட்டராகவும், 40 மி.மீ. குழாயில் 64 மீட்டராகவும் இருக்கும். அதே பொறி 2000 சுற்றுகளில் ஓடும்போது இவ்வேகங்கள் முறையே 26 மீட்டராகவும் 21 மீட்டராகவும் குறைந்துவிடும்.

விரைந்து வரும் காற்றுக்கு உந்தம் உண்டு. பிஸ்டன் அடிப்பகுதியை அடைந்து மேலே திரும்பத் தொடங்கிய பின்னும், இவ்வுந்தத்தால் காற்று சிறிது நேரம் சிலிண்டருக்குள் புகுந்துகொண்டே இருக்கும். உள்ளெடுப்பு வால்வு சற்றுத் தாமதமாக மூடப்படுவதற்கு இதுவே காரணம். குழாயை மிகவும் அகலமாக்கினால் தாழ் வேகத்தில் உந்தம் குறைந்து, உட்புகுந்த காற்றின் ஒரு பகுதி வெளியே தள்ளப்படுகிறது. நகர நெரிசலில் தானுந்து சோர்ந்து ஓடுவது இதனால்தான்.

கிளைக்குழாயின் நீளம்

வால்வு திறந்து பிஸ்டன் கீழிறங்கும்போது வால்வருகே அழுத்தம் குறைகிறது. இக்குறையழுத்தம் ஓர் அலையாகக் குழாய் வழியே ஒலியின் வேகத்தில் காற்றறையை நோக்கிச் செல்கிறது. குழாயின் திறந்த முனையை அடைந்ததும் அது மிகையழுத்த அலையாக மாறித் திரும்புகிறது. இவ்வலை வால்வு மூடப்படுவதற்குச் சற்று முன்னர் வந்து சேர்ந்தால், கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளும்.

20 பாகை செல்சியசில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். குழாயின் நீளம் 40 செ.மீ. எனில் அலை சென்று திரும்ப 2.3 மில்லி விநாடி ஆகும். 6000 சுற்றுகளில் அந்நேரத்திற்குள் கிராங்க் தண்டு 84 பாகை சுழல்கிறது. பிஸ்டன் மிக விரைவாக இறங்கும் கட்டம், மேல் முனையிலிருந்து ஏறத்தாழ 75 பாகை கடந்த நிலை. அங்கே தோன்றிய அலை 160 பாகையளவில், அதாவது உள்ளிழு வீச்சு முடியும் தறுவாயில், திரும்பி வருகிறது. 3000 சுற்றுகளில் அதே அலை 42 பாகைக்குள் திரும்பிவிடுவதால் தேவைக்கு முன்னரே வந்து பயனின்றிப் போகிறது. 3000 சுற்றுகளில் அதே பயனைப் பெற 80 செ.மீ. நீளம் வேண்டும். ஆகவே நீண்ட குழாய் தாழ் வேகத்திற்கும் குறுகிய குழாய் உயர் வேகத்திற்கும் ஏற்றது. எல்லா வேகங்களுக்கும் பொருந்தும் ஒரே நீளம் இல்லை. இது ஓர் எளிய கணக்கீடே ஆகும். குழாயின் வளைவு, காற்றின் வெப்பநிலை, கேம் தண்டின் வடிவம் ஆகியன இதனை மாற்றும்.

காற்றின் வெப்பநிலை

சூடான காற்றின் அடர்த்தி குறைவு. உள்ளெடுப்புக் காற்று 40 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசாக உயர்ந்தால், அதே அழுத்தத்தில் அதன் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். பல நாள் உழைத்துக் குழாய்களை மாற்றிப் பெறும் ஆதாயத்தை, பொறியறையின் வெப்பக் காற்றை இழுக்கும் ஒரு வடிகட்டி அழித்துவிடக்கூடும். குழாய்த்தொகுதிக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே வெப்பங்கடத்தாத தகடு வைக்கும் வழக்கம் இதனால் தோன்றியது.

வரலாறு

1932ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் 3.6 லிட்டர் வி8 பொறியை மலிவு விலைத் தானுந்தில் அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் அதன் திறன் 65 குதிரைத்திறன் ஆகும். கலிபோர்னியாவின் இளைஞர்கள் இப்பொறியை மாற்றியமைத்து, மியூராக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டிகள் நடத்தினர். அவர்களுள் ஒருவரான விக் எடெல்பிராக், 1938ஆம் ஆண்டு இரண்டு கார்புரேட்டர்கள் பொருந்தும் ஸ்லிங்ஷாட் என்னும் குழாய்த்தொகுதியைத் தம் ரோட்ஸ்டர் தானுந்துக்காக உருவாக்கினார். பிறரும் அதனை வாங்க முன்வந்ததிலிருந்து, அவர் பெயரிலமைந்த உதிரிபாக நிறுவனம் வளர்ந்தது.

அலை இசைவைப் பொதுமக்கள் வாங்கும் தானுந்தில் வெளிப்படையாகப் பயன்படுத்திய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1960ஆம் ஆண்டின் கிரைசுலர் 300எஃப் ஆகும். அதன் 6.8 லிட்டர் வி8 பொறியின் மேல், ஒரு பக்கத்துக் கார்புரேட்டர் எதிர்ப்பக்கச் சிலிண்டர்களுக்கு ஊட்டும்படி, ஏறத்தாழ 76 செ.மீ. நீளமுள்ள குழாய்கள் குறுக்காகச் சென்றன. இப்பொறி 375 குதிரைத்திறனையும், 2800 சுற்றுகளில் ஏறத்தாழ 670 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தந்தது. மிகச் சில தானுந்துகளில் பொருத்தப்பட்ட மற்றொரு வகையில், குழாய்களுக்கிடையே இருந்த உட்சுவரின் ஒரு பகுதி நீக்கப்பட்டுப் பயன் நீளம் பாதியாக்கப்பட்டது. அதன் திறன் 400 குதிரைத்திறனாக உயர்ந்தது. ஆனால் உச்ச முறுக்குவிசை 630 நியூட்டன் மீட்டராகக் குறைந்து, 3600 சுற்றுகளுக்கு இடம் பெயர்ந்தது. இவ்வேறுபாடு முழுவதையும் குழாய் நீளத்திற்கு மட்டுமே உரியதாகக் கொள்ள இயலாது எனினும், மாற்றத்தின் திசை கணக்கீட்டுடன் ஒத்துள்ளது.

செவர்லே கார்வெட் தானுந்தும் இவ்வாறான மாற்றத்தைக் கண்டது. 1985ஆம் ஆண்டு அதன் 5.7 லிட்டர் பொறி நீண்ட கிளைக்குழாய்களுடன் 230 குதிரைத்திறனையும், 3200 சுற்றுகளில் ஏறத்தாழ 447 நியூட்டன் மீட்டரையும் தந்தது. 1992ஆம் ஆண்டு குறுகிய குழாய்களும் மேம்பட்ட சிலிண்டர் தலையும் கொண்ட பொறி வந்தது. அதன் உச்ச முறுக்குவிசை மாறவில்லை. ஆனால் அது 4000 சுற்றுகளில் கிடைத்தது. திறன் 300 குதிரைத்திறன் ஆயிற்று.

மாற்றியமைக்கும் முறைகள்

* வாய் பொருத்துதல்: கிளைக்குழாயின் வாயும் சிலிண்டர் தலையின் துளையும் விளிம்பு விலகாமல் ஒன்றுவதற்காக, கேஸ்கெட்டை அச்சாக வைத்து உலோகத்தை அராவுதல். செலவு குறைந்த முறை. சுவர் மெலிந்து துளைபடாமல் கவனிக்க வேண்டும்.
* உட்புறத்தை மென்மையாக்குதல்: வார்ப்பின் பிசிறுகளையும் மேடுகளையும் நீக்குதல். கார்புரேட்டர் பொறிகளில் கண்ணாடிபோல் மெருகூட்டுவது நல்லதன்று. சற்றுச் சொரசொரப்பான பரப்பு, சுவரில் படியும் பெட்ரோலை மீண்டும் காற்றில் கலக்க உதவுகிறது.
* கிளைக்குழாய்களை மாற்றுதல்: தேவையான வேகத்திற்கேற்ப நீளமும் விட்டமும் கொண்ட குழாய்களை வெட்டி, பற்றவைத்துப் புதிய தொகுதி செய்தல். குழாயின் நுழைவாயை எக்காள வடிவில் விரித்தால் காற்று சீராக உட்செல்லும்.
* காற்றறையைப் பெரிதாக்குதல்: சிலிண்டர்கள் ஒன்றன் இழுப்பை மற்றொன்று பாதிப்பதைக் குறைக்கும். மிகப் பெரிதாக்கினால் முடுக்கி மிதிக்குப் பொறி தரும் மறுமொழி தாமதமாகும்.
* பெரிய திராட்டில் பொருத்துதல்: பழைய திராட்டில் உண்மையில் தடையாக இருந்தால் மட்டுமே உச்சத் திறன் கூடும்.
* தனித்தனித் திராட்டில்கள்: ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு திராட்டில் வைத்தல். மறுமொழி மிக விரைவாக இருக்கும். விலையும் இசைவாக்கும் உழைப்பும் அதிகம்.

தொழிற்சாலைத் தொகுதி மோசமாகச் செய்யப்பட்டது என்று கருதுவது தவறு. குளிர்நிலையில் எளிதாகத் தொடங்குதல், அமைதியான ஓட்டம், புகைக் கட்டுப்பாடு, பொறியறையில் கிடைக்கும் இடம், உற்பத்திச் செலவு ஆகிய அனைத்துக்கும் இசைந்த வடிவமே அது. மாற்றியமைப்பவர் இவற்றுள் சிலவற்றை விட்டுக்கொடுத்தே உயர் வேகத் திறனைப் பெறுகிறார். கேம் தண்டு, சிலிண்டர் தலை, வெளியேற்றுக் குழாய் ஆகியவை அந்த உயர் வேகத்திற்கு ஏற்றவையாக இல்லாவிடில், குழாய்த்தொகுதியை மட்டும் மாற்றுவதால் பெரும்பயன் விளைவதில்லை.

எரிபொருள் கலவையும் பாதுகாப்பும்

பெட்ரோல் முழுமையாக எரிய, நிறையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. உச்சத் திறனுக்கு 12.5 முதல் 13 வரையிலான செறிந்த கலவை பயன்படுத்தப்படுகிறது. குழாய்த்தொகுதி மாற்றத்தால் காற்று 5 விழுக்காடு கூடினால் பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். உள்வரும் காற்றை நேரடியாக அளக்கும் உணரி உள்ள பொறிகள் ஓரளவு தாமாகவே ஈடுசெய்யும். குழாய்த்தொகுதியின் அழுத்தத்தையும் சுழல்வேகத்தையும் கொண்டு காற்றைக் கணக்கிடும் பொறிகளில், கட்டுப்பாட்டுக் கணினியின் அட்டவணையைத் திருத்தியாக வேண்டும். திருத்தாவிடில் முழுச் சுமையில் கலவை மெலிந்து வெப்பம் மிகும். எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து, பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும்.

கேஸ்கெட் சரியாக அமராவிட்டால் வெளிக்காற்று கசிந்து, வெற்றோட்டம் தடுமாறும். பெரும்பாலான பெட்ரோல் தானுந்துகளில் தடை உதவிக் கருவிக்குத் தேவையான வெற்றிடம் இத்தொகுதியிலிருந்தே பெறப்படுகிறது. புதிய தொகுதியில் அந்த இணைப்பு விடுபட்டாலோ கசிந்தாலோ, தடை மிதி கடினமாகி வண்டியை நிறுத்தும் தொலைவு கூடும். மாற்றத்திற்குப் பின் முதலில் சோதிக்க வேண்டியது இதுவே.

பயனை அளவிடுதல்

ஒலி மாறுவதைத் திறன் கூடியதாக எண்ணுவது இயல்பு. ஆனால் டைனமோமீட்டரில் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் பயன் தெரியும். இரு சோதனைகளும் ஒரே கருவியில் நடத்தப்பட்டு, காற்றின் வெப்பநிலைக்கும் அழுத்தத்திற்கும் ஏற்பத் திருத்தப்பட வேண்டும்.

கிலோவாட்டில் திறனைக் கணக்கிட, நியூட்டன் மீட்டரிலுள்ள முறுக்குவிசையைச் சுழல்வேகத்தால் பெருக்கி 9549 ஆல் வகுக்க வேண்டும். 4000 சுற்றுகளில் 140 நியூட்டன் மீட்டர் என்பது 58.6 கிலோவாட், 6000 சுற்றுகளில் 130 நியூட்டன் மீட்டர் என்பது 81.7 கிலோவாட். முறுக்குவிசை குறைந்தும் திறன் கூடுவது இவ்வாறே. ஆகவே உச்சத் திறன் என்னும் ஒற்றை எண்ணை மட்டும் பாராமல், தானுந்து பெரும்பாலும் ஓடும் வேக எல்லையில் வளைகோடு உயர்ந்துள்ளதா தாழ்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மாறுநீளக் குழாய்கள்

நீளத்தால் வரும் முரண்பாட்டைத் தீர்க்க, வேகத்திற்கேற்பக் குழாயின் பயன் நீளத்தை மாற்றும் அமைப்புகள் உருவாக்கப்பட்டன. பல சாதாரணத் தானுந்துகளில் ஒரு வால்வு, தாழ் வேகத்தில் காற்றை நீண்ட பாதையிலும் உயர் வேகத்தில் குறுகிய பாதையிலும் செலுத்துகிறது. 1991ஆம் ஆண்டு லே மான் 24 மணிநேரப் போட்டியில் வென்ற மாசுடா 787பி, குழாய் நீளம் தொடர்ச்சியாக மாறும் அமைப்பைக் கொண்டிருந்தது. ஃபார்முலா 1 போட்டிகளில் இவ்வமைப்பு 2006ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டு, 2015ஆம் ஆண்டு மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

சட்ட நிலை

கலிபோர்னியாவில், பொதுச் சாலையில் ஓடும் தானுந்துகளுக்கான மாற்றுக் குழாய்த்தொகுதி புகை அளவைக் கூட்டாது என மாநிலக் காற்று வள வாரியம் ஏற்று விலக்காணை வழங்கியிருக்க வேண்டும். இந்தியாவில், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது என 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூடிய பந்தயத் தடங்களில் அந்தந்தப் போட்டியின் விதிகள் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* உள்ளெரி பொறி
* கார்புரேட்டர்
* கேம் தண்டு
* முறுக்குவிசை
* ஒத்ததிர்வு