திரவ அளவு மாற்றம்: புத்தளம் கரையோரம்

சிலாபம் முதல் கற்பிட்டி வரையான கரையோரத்தில் லீற்றர் சட்டப்படியான அளவு. போத்தல் புழக்கத்து அளவு. தேங்காயெண்ணெய்க்கும் கள்ளுக்கும் விலை பேசும்போது போத்தல்தான் முதலில் வாயில் வரும். பிரித்தானிய வழக்கில் ஒரு கலன் 4.546 லீற்றர்; அதில் ஆறிலொரு பங்கு ஒரு போத்தல், அதாவது சுமார் 758 மில்லிலீற்றர். இலங்கை 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அளவீட்டு அலகுகளை ஒழுங்குபடுத்தியது. இன்று போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். நாலு போத்தல் மூன்று லீற்றர். ஒரு போத்தலில் தெரியாத வித்தியாசம், ஆயிரம் போத்தல் எண்ணெயில் ஏழரை லீற்றரைத் தாண்டிவிடும்.

லீற்றருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1795இல் பிரான்ஸ் அதை ஒரு கன டெசிமீற்றர் என வகுத்தது. 1901இல் ஒரு கிலோகிராம் தண்ணீரின் கனவளவு என்று மாற்றியதால் அது நூலிழை பெருத்தது. 1964இல் பழைய வரையறையே திரும்பியது.

மாற்றக் கணக்கு பிழைத்தால் பெரிதாக அடிபடுவது இறால் பண்ணை. 1996இல் வெண்புள்ளி வைரசு தாக்கிய இந்தக் கரையில், குளத்து நீரைத் தொற்றுநீக்குவது உயிர்நாடியான வேலை. ஒரு ஹெக்டேயர் குளத்தில் ஒரு மீற்றர் ஆழம் நீர் நின்றால் 10,000 கனமீற்றர். லீற்றரில் ஒரு கோடி. கனமீற்றருக்கு ஒரு கிராம் என்பதே பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே அந்த அளவுக்கு 10 கிலோ மருந்து வேண்டும். அதில் செயற்படும் பொருள் 65 வீதமே என்றால் 15.4 கிலோ. குளத்தின் அடி சரிவாக இருக்கும் என்பதால், அளவுக்கம்பை ஒரே இடத்தில் ஊன்றிப் பார்த்தால் போதாது. பல இடங்களில் ஊன்றிச் சராசரி எடுக்க வேண்டும். 20 சென்ரிமீற்றர் தவறினால் இருபது இலட்சம் லீற்றர் கணக்கில் விடுபடும். புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகும். ஒரு பருவத்து உழைப்பே போய்விடும். பண்ணைக்குப் புதியவர் எவரும் முதலில் பழக வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

உப்பளத்தில் கணக்கு வேறு. ஒரு கனமீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புகள் கரைந்துள்ளன. அதில் கறியுப்பு சுமார் 27 கிலோ. பாத்தியில் 1,000 லீற்றர் வற்றி ஏறக்குறைய 100 லீற்றராகும்போதுதான் கறியுப்பு படியத் தொடங்கும். அந்தக் கட்டத்தை அறிய நீரை அளக்க வேண்டியதில்லை. அடர்த்திமானியில் போமே அளவு 25 பாகையைத் தொட்டால் போதும்.