மீகாங் நதிக்கு அக்கரையில் ஒரு முத்திரை
1994-ஆம் வருஷம் ஏப்ரலில், ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் பொருளுதவியால், தாய்லாந்தின் நோங் காய் நகரையும் லாவோஸ் தலைநகரான வியந்தியானின் புறப்பகுதியையும் இணைத்து மீகாங் நதியின்மேல் எழுந்த நட்புறவுப் பாலம், சுற்றுலா விசாவின் தவணை தீரும் தறுவாயில் எல்லை கடந்து, அங்குள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் புதிய விசா பெற்று மீளும் அந்நியருக்குப் பழகிய மார்க்கமாகவும் ஆயிற்று. தாய்லாந்தின் தெற்கே வசித்தோருக்கு மலேசியாவின் பினாங்கு அவ்விதமே உதவிற்று. சட்டத்தின் சொல்லுக்கு இதில் பங்கமில்லை; அதன் நோக்கத்துக்கோ இருந்தது.

விசாவின்றி நுழைவோர் ஆறு மாதத்தில் 90 நாட்களே தங்கலாமென்று 2006-இலும், தரைமார்க்கமாக அவ்வாறு வருவது வருஷத்துக்கு இருமுறையே என்று 2016-இன் இறுதியிலும் தாய்லாந்து அரசாங்கம் விதித்தது. அங்கேயே வீடெடுத்து வருஷக்கணக்கில் ஜீவனம் நடத்தியவர்களையும் யாத்திரிகரென்றே பாவித்த விதிகள், அவர்களுக்குரிய ஸ்தானத்தை முன்னரே வகுத்திருக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். அந்நிய தேசத்து வேலையை அங்கிருந்தே செய்வோருக்கு, ஒவ்வொரு வரவிலும் 180 நாட்கள் தங்க இடந்தரும் ஐந்தாண்டு விசா 2024-இல்தான் வந்தது.