முன்சீப்பின் சட்ட நூலும் அச்சு நூல் அட்டவணைகளும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும் 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நினைவுக்கு வரும். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1862இல், அவர் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற சட்ட நூலைக் கொண்டுவந்தார். 1805 முதல் 1861 வரை, சென்னை மாகாணத்தின் மேல்முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் அளித்த தீர்ப்புகளைத் தமிழில் தந்த நூல் அது. ஆங்கிலம் அறியாத கட்சிக்காரரும் முந்தைய தீர்ப்பைப் படித்தறிய வழி பிறந்தது. சதர் நீதிமன்றம் மறைந்து சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியதும் அதே 1862இல்தான்.

நாவல் பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. சட்ட நூலோ வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாக ஒடுங்கிவிட்டது. இலக்கியத்துக்குத் தந்த கவனத்தை நம் அட்டவணை மரபு சட்டத்துக்குத் தரவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றிய தரங்கம்பாடியில்தான், 1708இல், ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்புகளோடு பட்டியல் எழுதினார். அச்சு நூல்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் மர்டாக் 1865இல் தமிழ் அச்சு நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்துச் சென்னையில் வெளியிட்டார்.

அடுத்த திருப்பம் 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம். அச்சாகும் ஒவ்வொரு நூலும் அரசிடம் சேர வேண்டும் என்று அது விதித்தது. தலைப்பு, மொழி, ஆசிரியர், அச்சகம், பக்கம், அளவு, பதிப்பு, படிகளின் எண்ணிக்கை, விலை, உரிமையாளர் என எல்லாம் பதிவாகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் வந்தன. எது அச்சாகிறது என்று ஆட்சியாளர் அறிய விரும்பியதன் விளைவு அது. ஆனால் விலையும் படிகளின் எண்ணிக்கையும் பதிவானது இன்றைய ஆய்வாளருக்குப் பெரும் கொடை. ஆசிரியர் பெயரைப் பதிவதில் சிக்கலும் உண்டு. திருவொற்றியூரைப் பாடும் பல பதிகங்கள் அடங்கிய திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்ததும் 1867இல்தான். அதன் ஆசிரியரை இராமலிங்க பிள்ளை என்று சேர்ப்பதா, வள்ளலார் என்று சேர்ப்பதா? இரண்டையும் இணைத்துக் காட்டாத அட்டவணை தேடுவோரைத் திசைதிருப்பும்.

பழைய சட்ட நூலில், எது எந்தப் பதிப்பு என்று அடையாளம் காண்பதும் சிக்கலாகும். வெனிஸ் அச்சகங்கள் இடைக்கால இத்தாலியச் சட்ட அறிஞர் பார்த்தோலுஸின் உரைகளைப் பதினாறாம் நூற்றாண்டில் திரும்பத் திரும்ப அச்சிட்டன. முகப்புத் தாள் ஒன்றுபோல் இருந்தும் உள்ளே அச்சு வேறாகலாம். அதனால் இத்தாலிய அட்டவணையாளர்கள் குறிப்பிட்ட நான்கு பக்கங்களிலிருந்து பதினாறு எழுத்துகளை எடுத்து, 'கைரேகை' போலப் பதிகிறார்கள். ரோமிலிருந்து நடக்கும் 'எடிட் 16' என்ற கணக்கெடுப்பு, அந்நூற்றாண்டின் இத்தாலியப் பதிப்புகளை இவ்வாறு அடையாளம் கண்டு, எந்த நூலகத்தில் எந்தப் படி உள்ளது என்றும் சொல்கிறது.

தமிழ்ச் சட்ட நூல்களுக்கு இத்தகைய படிவாரிக் கணக்கு தேவை. 1909இல் பார்னெட்டும் போப்பும் தொகுத்த பிரிட்டிஷ் மியூசிய அட்டவணை, கன்னிமாரா, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றின் இருப்புகளை ஒப்பிட்டாலே நல்ல தொடக்கம் கிடைக்கும். மிச்சம் வீடுகளில் இருக்கிறது. இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வக்கீல் குமாஸ்தாவாக இருந்த தாத்தாவின் பெட்டியில் பழைய சட்டப் புத்தகம் இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் முகப்புத் தாளையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து ஒரு நூலகத்துக்குக் காட்டுங்கள்.