ஆடலும் ஆடையும்

ஆடற்கலையைப் பற்றி எழுதுவோர் அடவையும் அபிநயத்தையும் தாளத்தையும் விரிவாக ஆராய்வர். ஆடுபவள் உடுத்திய ஆடையை ஒரு வரியில் கடந்துவிடுவர். ஆயினும், ஒரு கலை தன் காலத்தோடு எவ்வாறு உறவாடி வந்தது என்பதை ஆடையின் மடிப்புகளே தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. ஐரோப்பியரின் பாலே நடனத்துக்கு அடையாளமாகிவிட்ட ‘டூட்டு’ என்னும் குட்டைப் பாவாடைக்கும், நம் வீட்டுப் பெண்கள் அரங்கேற்றத்துக்கு அணியும் விசிறிக் கொசுவத்துக்கும் உறவு உண்டு என்றால் பலர் வியப்படையக்கூடும். வாளையாறு கடந்து பாலக்காட்டிலும், போடிமெட்டு ஏறித் தேவிகுளம், பீருமேட்டுப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வரலாறு வெறும் வேடிக்கைச் செய்தி அன்று. பிறந்த மண்ணைவிட்டு வந்த எவரும், எதைக் காத்துக்கொள்வது, எதை மாற்றிக்கொள்வது என்ற வினாவை நாள்தோறும் எதிர்கொள்பவரே அல்லவா?

பாலே, அரசவையில் பிறந்த நடனம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை ஆடிய பெண்டிர் தரையைத் தொடும் கனத்த அங்கிகளையே அணிந்தனர். பாதம் என்ன செய்கிறது என்பது பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாது. 1730-களில் மரீ கமார்கோ என்னும் நங்கை, தன் காலின் நுண்ணிய வேலைப்பாடு தெரியவேண்டும் என்பதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே உயர்த்தினாள். பாரிஸ் நகரம் முகஞ்சுளித்தது. பின்னர் அதனையே பின்பற்றியது. அன்று உயர்ந்த அந்தச் சில அங்குலங்களே டூட்டுவின் முன்கதை எனலாம்.

1832-ஆம் ஆண்டு பாரிஸ் ஆப்பெரா அரங்கில் ‘லா சில்ஃபீட்’ என்னும் நாட்டியம் அரங்கேறியது. அதில் காற்றில் மிதக்கும் தேவமகளாக ஆடிய மரீ தாலியோனி, கெண்டைக்கால் அளவில் மணிபோல் விரிந்த வெண்ணிறப் பாவாடை அணிந்திருந்தாள். மெல்லிய துணி பல அடுக்காகத் தைக்கப்பெற்றது. எரிவாயு விளக்கின் ஒளியில் அது பனிமூட்டம்போல் தோன்றியது. நுனிவிரலில் நின்றாடும் முறை ஓங்கியதும் அக்காலத்திலேதான். மண்ணைவிட்டு எழ விரும்பிய ஆடலுக்கு எடையற்றதுபோல் தோன்றும் ஆடை வேண்டியிருந்தது.

அந்த அழகுக்கு விலையும் இருந்தது. எம்மா லிவ்ரி என்னும் இளம் நர்த்தகி 1862-இல் பாரிசில் ஒத்திகையின்போது, விளக்கின் தீ பாவாடையில் பற்றி உடல் வெந்து, பல மாதம் துன்புற்று மறு ஆண்டு உயிர்நீத்தாள். தீப்பிடிக்காதபடி மருந்தில் தோய்த்த துணி அப்போதே இருந்தது. அது விறைப்பாகவும் மங்கலாகவும் இருந்தமையால் அதனை அணிய அவள் மறுத்திருந்தாள்.

பின்னர்ப் பாலேயின் தலைநகரம் ருஷ்யாவுக்கு மாறியது. இத்தாலியிலிருந்து அங்குச் சென்ற நர்த்தகியர் வேகச் சுழற்சிகளில் வல்லவர். சுழலும் கால் முழுவதும் தெரிந்தால்தான் அத்திறமைக்கு மதிப்பு. ஆகவே பாவாடை முழங்காலுக்கு மேலேறி, நாளடைவில் இடையைச் சுற்றித் தட்டுப்போல் நீண்டு நிற்கும் வடிவம் பெற்றது. வலைத்துணியைப் பத்து, பன்னிரண்டு அடுக்காகச் சுருக்கித் தைப்பர். தொங்காமல் நிற்கக் கம்பிவளையம் செருகுவதும் உண்டு. 1950-ஐ ஒட்டி நியூயார்க்கில் கரின்ஸ்கா என்னும் தையற்கலை வல்லுநர், கம்பியை நீக்கி, பஞ்சுபோல் மென்மையாகத் தாழும் குறுகிய டூட்டுவை அமைத்தார். இவ்வாறு காலின் தேவைக்கேற்பவே ஆடை ஒவ்வொரு முறையும் மாறிவந்திருக்கிறது.

இவ்வரலாற்றில் தமிழருக்குரிய ஏடு ஒன்றுண்டு. 1838-இல் புதுச்சேரிக்கு அருகேயுள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசியர் ஐவரும் இசைக்கலைஞர் மூவரும் பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தாலியோனியின் வெண்பாவாடை பாரிசை மயக்கி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ‘பயதேர்’ என்ற பெயரில் இந்திய ஆடல்மகளைக் கற்பனையாக மேடையில் கண்டிருந்த அந்நகரம், உண்மையான ஆடல்மகளிரை அப்போதுதான் கண்டது. தெயோஃபீல் கோத்தியே என்னும் எழுத்தாளர் அவர்களின் ஆடலையும் ஆடை அணிகளையும் விரிவாக எழுதினார். அம்மணி என்னும் நங்கையின் உருவைப் பார் என்னும் சிற்பி சிலையாக வடித்தார். அந்தக் கோத்தியேதான் மூன்றாண்டுகளுக்குப் பின் ‘ஜிசேல்’ என்னும் புகழ்பெற்ற பாலேயின் கதையை அமைப்பதில் பங்கு கொண்டார்.

ஆயினும் ஐரோப்பிய மேடை தன் கற்பனையை விட்டுவிடவில்லை. 1877-இல் மாரியுஸ் பெத்திபா ருஷ்யத் தலைநகரில் ‘லா பயதேர்’ என்னும் பாலேயை உருவாக்கினார். இந்தியக் கோயில் நடனமாதின் கதை அது. அவள் இறந்தபின் வரும் நிழலுலகக் காட்சியில் வெண்பாவாடை அணிந்த பெண்கள் வரிசை வரிசையாக இறங்கி வருவர். பெயர் நம்முடையது, ஆடை அவர்களுடையது!

நம் மரபுக்கு வருவோம். மாதவி ஆடிய பதினோராடலுக்கும் அவ்வவற்றுக்குரிய கோலம் உண்டென்று சிலப்பதிகாரம் உணர்த்துகிறது. ஆடலுக்கேற்ப ஆடை மாறவேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சதிர் ஆடிய மகளிர், காற்சட்டையின்மேல் சேலையைச் சுற்றிக் கொசுவம் வைத்து உடுத்தனர். ஆடை தைக்கப்படவில்லை; உடுத்தப்பட்டது. உடுத்துவதே ஒரு கைத்திறனாக இருந்தது.

பாவாடையும் கொசுவமும் சந்தித்தது இருபதாம் நூற்றாண்டில். உலகப்புகழ் பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவா 1920-களில் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு நட்புக்கொண்ட ருக்மிணி தேவி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டுக் கலையை நாடு என்று பாவ்லோவா அறிவுறுத்தியதாகக் கூறுவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. கோயிற் சிற்பங்களைக் கண்டு அவர் ஆடையைப் புதிதாக அமைத்தார். ரவிக்கை, மேலாக்கு, காற்சட்டை, இடைத்துணி, முன்விசிறி எனப் பட்டுச்சேலையை வெட்டித் தைக்கும் முறை பரவியது. அரைமண்டியில் அமரும்போது விசிறி விரிகிறது, எழும்போது மூடுகிறது. பாலேயிடமிருந்து அவர் பாவாடையைக் கடன் வாங்கவில்லை. மேடைக்கென ஆடையைத் திட்டமிட்டு அமைக்கும் ஒழுங்கையே ஏற்றுக்கொண்டார். நெசவுக்கும் கலாக்ஷேத்திரத்தில் தனிக்கூடம் அமைத்தார்.

இம்மாற்றத்தில் ஒரு துயரமும் உண்டு. ஆடை மாறிய காலத்திலேயே ஆடுவோரும் மாறினர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. கலையைக் காத்துவந்த குடும்பத்துப் பெண்களிற் பலர் மேடையைவிட்டே மறைந்தனர். அக்குலத்தில் வந்த பாலசரஸ்வதி மட்டும், உலக மேடைகளிலும் சேலை உடுத்தும் பழைய முறையைக் கைவிடாமல் ஆடிப் பெரும்புகழ் பெற்றார். தைத்த ஆடை இல்லாமலும் பரதம் பரதமாகவே விளங்கும் என்பதற்கு அவரே சான்று.

நாம் வாழும் கேரள மண்ணிலும் இதே கதை நிகழ்ந்தது. ஷொர்ணூருக்கு எதிர்க்கரையில், பாரதப்புழை ஓரத்துச் செறுதுருத்தியில் உள்ள, வள்ளத்தோள் 1930-இல் நிறுவிய கலாமண்டலம் மோகினியாட்டத்துக்கு மறுவாழ்வு தந்தது. கசவுக்கரை போட்ட வெளிர்நிறத் துணி அதற்கு அடையாளமாயிற்று. பின்னர் அதிலும் தைத்த கொசுவம் புகுந்தது. ஆனால் நிறமும் கரையும் மலையாள மண்ணுக்குரியனவாகவே நின்றன. பாலக்காட்டு எல்லையை ஒட்டிய குத்தாம்புள்ளியில் கசவு நெய்யும் தேவாங்கர் குடும்பங்களும் கன்னட நாட்டிலிருந்து குடியேறியவரே! கேரளத்தின் அடையாளத்தை நெய்யும் கைகளே வேறிடத்திலிருந்து வந்தவை என்பது சிந்திக்கத்தக்கது.

இன்று பாலக்காட்டு அக்கிரகாரத்துப் பெண்ணும், மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணும் பள்ளிக் கலோத்சவத்தில் பரதமும் ஆடுகின்றனர், மோகினியாட்டமும் ஆடுகின்றனர். தைத்த ஆடை இல்லையேல் இது எளிதன்று. பத்து நிமிடத்தில் உடுத்தலாம், ஒருத்தி ஆடியதை அடுத்தவள் அணியலாம், வாடகைக்கும் பெறலாம். ஆனால் அதுவே இன்று பகட்டுக்கும் வழியாகிவிட்டது. பட்டுக்கும் நகைக்கும் அலங்காரத்துக்கும் ஆகும் செலவைக் கண்டு, திறமையுள்ள மகளை மேடையேற்றத் தயங்கும் பெற்றோர் தோட்டப்புறங்களில் பலர்.

கமார்கோ பாவாடையை உயர்த்தியது பாதம் தெரிவதற்காக. ருக்மிணி தேவி விசிறியை அமைத்தது அரைமண்டி தெரிவதற்காக. ஆட்டத்தைக் காட்டுவதற்கே ஆடை அமைந்தது. ஆட்டத்தை மறைக்கும் அளவுக்கு ஆடை ஓங்குமானால், அதனைக் குறைப்பதே மரபுக்கு நாம் செய்யும் மரியாதை. பருத்தித் துணியில் தைத்த எளிய கொசுவத்தோடு நம் சங்க மேடையில் ஒரு தோட்டத்துச் சிறுமி ஆடினாலும், அவள் கால் தாளம் தவறாதிருந்தால், அம்மணியும் பாலசரஸ்வதியும் காத்த கலை அங்கே குறைவின்றி விளங்கும்.