8 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையருக்கு லட்ச ரூபாயா? வீட்டுல பாட்டு கேட்க எத்தனை வாட்ஸ்தான் வேணும்?

ஆடி மாசம் செஞ்சிக்குப் பக்கத்துல பனமலை மாதிரி ஊர்கள்ல கூழ் ஊத்துற அன்னைக்கு, மைக் செட்காரர் முதல்ல தேடுறது உயரமான ஒரு கம்பத்தை. அதுல குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டா அம்மன் பாட்டு ஏரியைத் தாண்டியும் கேட்கும். அந்தக் காலத்தில் அந்தக் குழாய்களுக்குப் பின்னாடி இருந்த வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் பலதும் 30, 40 வாட்ஸ்தான். இன்னைக்கு வீட்டு ஹால்ல வைக்கிற பெட்டியிலேயே 1,000 வாட்ஸ், 2,000 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அப்போ அது ஊரையே எழுப்பணுமே, ஏன் எழுப்பல?

இதே கேள்விதான் விலையுயர்ந்த ஆடியோ உலகத்தையும் பல வருஷமா ரெண்டா பிரிச்சு வச்சிருக்கு. ஒரு பக்கம் சேனலுக்கு 200, 300 வாட்ஸ் தரும் கனமான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள். இன்னொரு பக்கம் ஒரே ஒரு வால்வை வைத்து வெறும் 8 வாட்ஸ் தரும் எளிமையான ஆம்ப்ளிஃபையர். ரெண்டுமே லட்சக்கணக்கில் விற்குது.

சத்தத்தை முடிவு பண்றது ஆம்ப்ளிஃபையர் மட்டும் இல்ல

ஸ்பீக்கர் வாங்கும்போது பின்பக்கம் அல்லது கையேட்டில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதுதான் அது. நம்மில் பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

வீட்டு ஸ்பீக்கர்களில் சாதாரணமாக இது 85 முதல் 90 வரை இருக்கும். ஹார்ன் வகை, அதாவது நம்ம ஊர் குழாய் ஸ்பீக்கர் வகையில், 100-ஐத் தாண்டும். வித்தியாசம் 10, 15 தானேன்னு தோணும். ஆனா டெசிபல் கணக்கு வேற. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 10 மடங்காக்கினால்தான் 10 டெசிபல் கூடும், அப்போதுதான் காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றும்.

போட்டுப் பாருங்க. 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு 8 வாட்ஸ் கொடுத்தால் 109 டெசிபல். 87 டெசிபல் ஸ்பீக்கரில் அதே 109-ஐ எட்ட சுமார் 160 வாட்ஸ் வேணும். 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்துவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் கிடைப்பது அந்த 3 டெசிபல்தான். வால்யூமைக் கொஞ்சம் திருகின அளவு, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் வாட்ஸ் ஏறிக்கிட்டே போச்சு?

1930களில் பேசும்படம் வந்தபோது வால்வுகளில் இருந்து அதிக சக்தியை எடுக்கிறது லேசான காரியம் இல்ல. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் தியேட்டர்களுக்காகத் தயாரித்த வரிசையில் வந்ததுதான் 300பி வால்வு. தனியாக ஓட்டினால் சுமார் 8 வாட்ஸ் தரும். பிரம்மாண்டமான ஹார்ன் ஸ்பீக்கர்கள் இருந்ததால் சில பத்து வாட்ஸுக்குள்ளேயே ஒரு தியேட்டரை நிரப்பினார்கள். நம்ம ஊர் பஞ்சாயத்து ரேடியோவும் இதே தத்துவம்தான். பூங்காவில் உட்கார்ந்து மாநிலச் செய்தி கேட்ட தலைமுறைக்கு அந்தக் குழாய்கள் நல்லா ஞாபகம் இருக்கும்.

கதை மாறினது 1954-ல். எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள்ளேயே ஆழமான பேஸ் வரவைக்கும் ஏ.ஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டு வந்தார். அலமாரி அளவு ஸ்பீக்கர் இனி தேவையில்லை, வீட்டுக்காரர்களுக்கு சந்தோஷம். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது: பெட்டி சின்னதானதும் சென்சிட்டிவிட்டி இறங்கியது, அதை ஈடுகட்ட வாட்ஸ் ஏற வேண்டியிருந்தது. அதற்கேற்ற மாதிரி டிரான்சிஸ்டரும் மலிவானது. 1970களின் தொடக்கத்தில் ஃபேஸ் லீனியர் 700 என்ற ஆம்ப்ளிஃபையர் சேனலுக்கு 350 வாட்ஸ் தந்தது. விளம்பரங்களில் வாட்ஸ் கணக்கு கன்னாபின்னாவென்று ஏறியதால், 1974-ல் அமெரிக்க வர்த்தக ஆணையமே தலையிட்டு எப்படி அளக்க வேண்டும் என்று விதி போட்டது.

நம்ம ஊரில் அந்தக் கூத்து 'பி.எம்.பி.ஓ.' என்ற பெயரில் நடந்தது. ஒரு நொடியின் சின்னத் துண்டில் கற்பனையாக வரக்கூடிய உச்சத்தை எழுதுவது அது, ஒரே அளவுகோலும் கிடையாது. 2,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. பெட்டியைப் பிரித்தால் உள்ளே 20, 30 வாட்ஸ் போர்டு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆர்.எம்.எஸ். என்று போட்ட எண்ணை மட்டும் நம்புங்க.

8 வாட்ஸ் கட்சி சொல்வது

நீங்கள் சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது 1 வாட் அல்லது அதற்கும் கீழே. அந்த முதல் வாட் சுத்தமாக இருக்கணும், அதுக்கு மேல இருக்கிற 199 வாட்ஸ் யாருக்கு வேணும்னு கேட்கிறார்கள். பாகங்கள் குறைவு, சிக்னல் போகும் பாதை சின்னது. இந்த வால்வுகளில் வரும் சிதைவு பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக். அதாவது மூல சுருதிக்கு ஒரு ஸ்தாயி மேலே சேரும் ஒலி. அதனால் காதைக் குத்தாது, குரலும் வீணையும் இதமாகக் கேட்கும். நேர்மையாகச் சொன்னால் இது ஒரு வகை 'கலர்', துல்லியம் இல்ல. பிடிச்சவங்களுக்கு அது தப்பும் இல்ல.

அமெரிக்க வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் ரெண்டு கட்சியிலயும் இருக்கிறார் என்பது சுவாரஸ்யம். பாஸ் லேப்ஸ் என்ற பெயரில் 1,000 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் செய்தவர், 'முதல் வாட்' என்று பொருள்படும் ஃபர்ஸ்ட் வாட் என்ற பெயரிலேயே இன்னொரு நிறுவனம் நடத்தி குறைந்த சக்தி ஆம்ப்ளிஃபையர்களும் செய்கிறார்.

200 வாட்ஸ் கட்சி சொல்வது

ஒரு நாதஸ்வரக் கச்சேரி பதிவை எடுத்துக்குங்க. சராசரியாக 1 வாட்தான் போகுது. திடீர்னு தவில்ல ஒரு அடி விழுது. நல்ல பதிவில் அந்த அடி சராசரியை விட 20 டெசிபல் மேலே போகலாம். 20 டெசிபல்னா 100 மடங்கு. அந்தக் கணத்துக்கு மட்டும் 100 வாட்ஸ் வேணும். 87 டெசிபல் ஸ்பீக்கரில் 8 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் அங்கே மூச்சு வாங்கும், அலையின் உச்சி வெட்டப்படும், தவில் தகர டப்பா மாதிரி கேட்கும். இப்படித் தொடர்ந்து வெட்டுப்பட்ட சிக்னல் ட்வீட்டரையும் எரித்துவிடும். ஸ்பீக்கர் போவதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர்தான் காரணம் என்ற நம்பிக்கை பாதி உண்மைதான்.

இன்னொன்று, ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பீக்கர் மேல் 'பிடி' குறைவு. பேஸ் அடித்தவுடன் கோன் உடனே நிற்காமல் ஆடும். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கவனித்துக் கேட்பவர்களுக்கு இது சீக்கிரம் தெரிந்துவிடும்.

நான் கேட்டால் சொல்வது இதுதான்: ஸ்பீக்கரை முதலில் முடிவு பண்ணுங்க. 95-க்கு மேல் சென்சிட்டிவிட்டி இருந்தால் சின்ன வால்வு ஆம்ப்ளிஃபையரை யோசிக்கலாம். 90-க்குக் கீழே இருந்தால் ஆர்.எம்.எஸ். 50 முதல் 100 வாட்ஸ் உள்ளதாகப் பாருங்க. இன்று கிளாஸ்-டி போர்டுகள் இதைச் சில ஆயிரங்களிலேயே தருகின்றன, சூடும் ஆகாது.

சூடு பற்றிச் சொல்லியே ஆகணும். 300பி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் 150 வாட்ஸ் மின்சாரம் இழுக்கும், பழைய சீலிங் ஃபேன் ரெண்டு ஓடுற மாதிரி. அதில் 16 வாட்ஸ் மட்டும்தான் பாட்டாக வெளியே வரும், மீதி எல்லாம் வெப்பம். விழுப்புரம் மாவட்டத்து மே மாதத்தில் யோசிச்சுப் பாருங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பழைய மைக் செட் கடையிலோ வால்வு ஆம்ப்ளிஃபையர் கிடைத்தால், பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வு அதில் இருந்தால், அதிர்ஷ்டம்தான். ஆனால் மூடியைத் திறக்காதீங்க. உள்ளே 300, 400 வோல்ட் நேர் மின்சாரம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் நிற்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்க.

எத்தனை வாட்ஸ் வாங்கினாலும் சட்டம் ஒன்று இருக்கு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. சொந்த வீட்டு சவுண்ட் சிஸ்டத்தின் ஒலி, உங்கள் மதில் சுவர் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அதாவது பகலில் 60, இரவில் 50. அளந்து பார்க்க போனில் டெசிபல் ஆப் இருக்கு. துல்லியமா காட்டாது, ஆனா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு அளவு தெரிஞ்சுடும்.